மூட்டுத் தேய்மானமும் ஒரு லேடீஸ் சைக்கிளும்: ஆறு வருட அனுபவம்

2018-இல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதே வருடம்தான் இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். வலது கால் கொஞ்சம் மோசம். வலிக்குப் பயந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். தைலம், ஒத்தடம், மூட்டு உறை எல்லாம் நடந்தது. ஆனால் உட்கார்ந்திருந்த அந்த எட்டு மாதத்தில்தான் என் கால் உண்மையாகக் கெட்டுப்போனது. தொடைச் சதை வற்றிவிட்டது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் பெண்தான் காரணத்தைச் சொன்னார். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது அது அழுந்தி விரிகிறது. உள்ளே இருக்கும் திரவத்திலிருந்து அப்படித்தான் சத்தை எடுத்துக்கொள்கிறது. "ஆடாம வெச்சிருந்தா அதைப் பட்டினி போடுற மாதிரிம்மா. சைக்கிள் விடத் தெரியுமா?" என்றார்.

தெரியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேலை பார்த்தேன். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்களோடு நானும் கற்றேன். அப்புறம் திருவாரூருக்கு மாற்றலாகி வந்து, மொபெட் வாங்கி, சைக்கிளை மறந்தே போயிருந்தேன். திண்ணை ஓரம் மகளுடைய பழைய லேடீஸ் சைக்கிள் சும்மா நின்றது. 2019 தை மாதம் அதைத் துடைத்து எடுத்தேன்.

முதல் வாரம் முழங்காலின் முன்பக்கம் எரிந்தது. சைக்கிள் நமக்கு ஆகாது போலிருக்கிறது என்றே நினைத்தேன். குற்றம் சீட்டில் இருந்தது. சீட்டு தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, மூட்டுச் சில்லின் மேல் அழுத்தம் விழும். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராக, 25 முதல் 30 டிகிரி மட்டுமே மடங்கியிருக்க வேண்டும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வையுங்கள். கால் முழுக்க நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் அந்தச் சின்ன மடக்கு தானாக வந்துவிடும்.

"இவ்வளவு ஏத்துனா கால் தரையில எட்டாதே டீச்சர்" என்றார் சைக்கிள் கடைக்காரர். அவர் சொன்னது சரிதான். அதனால் இறங்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். வேகத்தைக் குறைத்து, சீட்டிலிருந்து முன்னால் சரிந்து, நல்ல காலைத் தரையில் ஊன்றிவிட்டுத்தான் சைக்கிளை நிறுத்துவேன். நடுவில் குறுக்குக் கம்பி இல்லாததால் காலைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆண்களுக்கும் இந்த வகை சைக்கிளைத்தான் சொல்வேன். பெரிய ஸ்டாண்டில் ஏற்றினால் இடுப்பு பிடித்துக்கொண்டது, அதனால் சைடு ஸ்டாண்டு போட்டேன். விரல் நுனிகளிலும் முடிச்சு விழுந்திருப்பதால் பிரேக் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. பிரேக் ஒயரை மாற்றி எண்ணெய் விட்ட பிறகு இரண்டு விரலே போதும்.

தொடங்கியபோது பத்து நிமிடம் மட்டும்தான். எவ்வளவு ஓட்டலாம் என்பதற்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓட்டும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. ஓட்டி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது, மறுநாள் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அன்று ஓய்வுதான், அது தொடர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். இந்தக் கணக்கை வைத்து மூன்று மாதத்தில் அரை மணி நேரத்துக்கு வந்தேன். இப்போது காலையில் கமலாலயக் குளக்கரையைச் சுற்றி, தேர் வீதிகள் வழியாக வீட்டுக்கு வருகிறேன். நம் டெல்டா முழுக்கச் சமவெளி, கியர் தேவையே இல்லை. ஓடம்போக்கியாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சைக்கிள் எடுக்க முடியாது. முதல் வருடம் அந்த இரண்டு மாதம் சும்மா இருந்தேன். மார்கழியில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மழை நாளில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருகிறேன். படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்துவைக்கிறேன். மழை இல்லாத நாளிலும் இதை விடுவதில்லை. சைக்கிளில் உடம்பின் பாரம் காலில் இறங்காது. மூட்டுக்கு அது நல்லது, எலும்பு உறுதிக்குப் போதாது. அதனால் மாலையில் கொஞ்சம் நடையும் உண்டு. வலது முழங்கால் வலிக்கும் நாளில் கைத்தடியை இடது கையில் பிடிப்பேன். வலிக்கும் பக்கத்திலேயே தடியைப் பிடிக்கும் பலரைப் பார்க்கிறேன், தயவுசெய்து மாற்றிப் பிடியுங்கள்.

ஒருமுறை விழுந்தேன். சம்பா அறுவடை நேரம், ஊருக்கு வெளியே சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் சக்கரம் வழுக்கியது. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. அதிலிருந்து தை, மாசியில் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. சைக்கிள் பழக்கமே இல்லாதவர்களும் தலைசுற்றல், தடுமாற்றம் உள்ளவர்களும் தெருவில் முயற்சி செய்ய வேண்டாம். அவர்களுக்கு வீட்டில் நிறுத்தி மிதிக்கும் சைக்கிள்தான் சரி.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரவில்லை, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி இன்னும் குறுகலாகத்தான் தெரிகிறது. மாறியது வேறு. 74 கிலோ இருந்தவள் 68-க்கு வந்திருக்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்பதால், இந்த ஆறு கிலோ எனக்குப் பெரிய விஷயம். வலி மாத்திரை மாதத்தில் ஓரிரு நாள்தான். படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கிற காலையும் முதலில் வைத்து மாடிக்குப் போய் வருகிறேன். தரையில் சம்மணம் போட முடியவில்லை. கமலாலயப் படித்துறையில் இறங்கிக் காலை நனைப்பதையும் விட்டுவிட்டேன், அதில் இன்னும் வருத்தம் உண்டு. மார்கழிக் கோலத்தைப் பேத்தி குந்தி உட்கார்ந்து போடுகிறாள். நான் பக்கத்தில் நின்று புள்ளிக் கணக்குச் சொல்கிறேன்.

இந்த ஆறு வருடத்தில் டயர் இரண்டு முறை, சீட்டு ஒரு முறை மாற்றினேன். புதுச் சீட்டு அகலமான ஸ்பிரிங் வகை. சீட்டுக் கம்பியில் என் உயரத்துக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பேத்தி எடுத்து ஓட்டினாலும் திரும்ப அந்த அளவுக்கு ஏற்றி வைத்துவிடுகிறாள்.