ஒடுகத்தூர்ப் பக்கம் வந்து தேனீப் பெட்டி பார்த்துக் கொடுக்கும் தம்பியைப் பற்றி

மூன்று வருடமாகத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வருடம் தேனீக்களைச் சாகக் கொடுத்ததுதான் மிச்சம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் ஒடுகத்தூரிலிருந்து உள்ளே. தென்னையும் நாலு புளிய மரமும்தான். முதலில் வேறொருவரிடம் இந்தியத் தேனீப் பெட்டி நான்கு வாங்கினேன். இறக்கி வைத்தார், எறும்பு ஏறாமல் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார், பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுற்றிலும் என்ன மரம் இருக்கிறது என்று ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. மாசிக் கடைசியில் தேனீக்கள் குறைய ஆரம்பித்தன. போனில் கேட்டால் "யாராவது மருந்து அடிச்சிருப்பாங்க" என்றார். ஊரில் அரளிதான் காரணம் என்றார்கள், நானும் நம்பி வேலியோரம் இருந்த செவ்வரளியை வேரோடு வெட்டிப் போட்டேன். அடுத்த வருடமும் அதே கதைதான்.

இந்த வருடம் கூப்பிட்டது குடியாத்தம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு தம்பியை. வந்து பார்க்க 300 ரூபாய். பெட்டியைத் தொடுவதற்கு முன்பே முக்கால் மணி நேரம் நிலத்தைச் சுற்றி நடந்தார், எனக்குக் கால் வலித்துவிட்டது. அப்புறம்தான் பெட்டிக்குள் தேனீ அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்தால் தேனீயின் குஞ்சான புழு தண்ணீர் கட்டிய பை மாதிரி அறைக்குள் நிமிர்ந்து கிடக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்த நோய் அது. எங்கள் அடையில் அப்படி எதுவும் இல்லை. "மருந்துன்னா ஒரே நாள்ல வாசல்ல குவிஞ்சி கெடக்கும்ணா, இங்க போன தேனீ திரும்பி வரல" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் திருமண மண்டபத்தின் மதிலோரம் கூட்டிப் போனார்.

அங்கே ஐந்து ஆப்பிரிக்க டூலிப் மரம், பூத்துச் செவசெவ என்று நிற்கிறது. சின்ன வயதில் அதன் மொட்டைக் கிள்ளித் தண்ணீர் பீச்சி விளையாடியிருப்போமே, அதே மரம். உதிர்ந்த பூக்களைப் பிளந்து காட்டினார். தேனீ, கொடுக்கில்லாத சின்ன வகையான கொசுத் தேனீ, எறும்பு எல்லாம் உள்ளே ஊறிச் செத்துக் கிடந்தன. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இந்தப் பூவின் தேன் கொடுக்கில்லாத் தேனீக்களைக் கொல்கிறது என்று பிரேசிலில் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். செவ்வரளி செடி முழுக்க நஞ்சுதான், ஆனால் அதன் பூவில் தேனே சுரப்பதில்லை, தேனீக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. வெட்டியது வீண்.

பூவில் சாகிற தேனீயோடு இது முடிவதில்லை. வெளியே போகிறவை வயதானவை. அவை திரும்பாவிட்டால் புழுவுக்கு ஊட்ட வேண்டிய இளசுகள் வயதுக்கு முன்பே தேன் தேடிக் கிளம்புகின்றன, உள்ளே புழு பட்டினி, ராணியும் முட்டையைக் குறைக்கும், குடும்பம் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிடும். கலிஃபோர்னியாவில் பக்கை (buckeye) என்றொரு மரம், அதன் தேனும் மகரந்தமும் கூட்டுக்குள் வந்து புழுக்களையே கொல்லும், அங்கே பூக்கிற காலத்தில் பெட்டியை வேறிடம் கொண்டுபோய்விடுவார்களாம். சுற்றிலும் வேறு பூ நிறைய இருந்தால் பாதிப்பு குறையும். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ஒன்றுமே கிடையாது.

மரம் நம்முடையது இல்லை, வெட்டச் சொல்ல முடியாது. அதனால் இரவில் வாசலை அடைத்து, பெட்டிகளை நான்கு கிலோமீட்டர் தள்ளி மச்சான் தோப்பில் வைத்தார். கிட்டத்தில் நகர்த்தினால் தேனீ பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு வாரம் சர்க்கரைப் பாகு, பிறகு புங்கம் பூத்தது. மூன்று பெட்டி தேறிவிட்டது, ஒன்றில் ராணி இல்லாததால் இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்.

குறை என்றால், சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தார், போன் எடுக்கவே மாட்டார், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டால் இரவுதான் பதில். கொசுத் தேனீப் பெட்டி ஒன்று கேட்டேன், விற்றால் அவருக்கு லாபம்தான், ஆனால் அந்த மரங்கள் இருக்கும்வரை உங்கள் நிலத்துக்குத் தரமாட்டேன் என்று மூன்று தடவை மறுத்துவிட்டார். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் அந்த 300 ரூபாயைக் கொடுத்து இவரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் மாசி, பங்குனியில், மரம் பூத்திருக்கும்போது.