கத்திரி வெயிலில் அப்பாவின் மீன் தொட்டி

டொராண்டோவில் எங்கள் வீட்டு மீன் தொட்டியில் எப்போதும் ஒரு ஹீட்டர் கிடக்கும். ஜனவரியில் அது நின்றுபோனால் வீடே பதறும். மே மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக அம்பத்தூர் போய் இறங்கினால், அப்பாவின் கவலை அப்படியே தலைகீழ். அங்கே அவர் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி 33 டிகிரி காட்டியது. நான்கு கோல்டு ஃபிஷ்களும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன.

மாடி வீடு, மேற்குப் பார்த்த ஹால். தொட்டி மூன்றடி நீளம், தண்ணீர் சுமார் 150 லிட்டர். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 24 டிகிரி வரைக்கும் சுகமாக இருக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைவது, 33இல் 7 சொச்சம்தான். அதே நேரம் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடிவிடும். வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் மாதிரி.

மாதா மாதம் தொட்டி கழுவ வரும் பையனுக்கு முதலில் போன் போட்டோம். "பத்து நிமிஷம் சார்" என்றவன் மூன்றாம் நாள் வந்தான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. ஃபில்டர் பஞ்சை தொட்டித் தண்ணீரிலேயே அலசினான், கால் பங்கு தண்ணீரை மாற்றினான், 500 ரூபாய் வாங்கிக்கொண்டான். மதியத்தில் மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீரை ஊற்றாதீர்கள், விடியற்காலையில் பிடித்துவைத்து, குளோரினைப் போக்கும் ஹைப்போ போட்டு ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சரிதான். பகல் இரண்டு மணிக்கு அந்தக் குழாயில் கை வைத்தால் டீ போடலாம் போலிருக்கிறது.

அவன் வருவதற்கு முன்னால் நான் ஒரு மேதாவித்தனம் செய்திருந்தேன். நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களை ஃப்ரீஸரில் உறையவைத்து மொத்தமாகத் தொட்டியில் மிதக்கவிட்டேன். சட்டென்று மூன்று டிகிரி இறங்கியது. மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. ராத்திரிக்குள் பழைய சூடு திரும்பியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அதுதான் அவர் திட்டுகிற விதம்.

அடுத்தது இயந்திரம். பெரிய மீன் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், 4,800 ரூபாய்க்கு "சில்லர்" என்று ஒரு பெட்டியைத் தலையில் கட்டினார்கள். வீட்டில் திறந்து பார்த்தால் கம்ப்ரஸர் இல்லை. கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிற பெல்டியர் தகடு வைத்த சின்னக் கூலர். இருபது லிட்டர் தொட்டிக்கு ஏதோ உதவலாம். எங்கள் தொட்டியில் இரண்டு நாள் இடைவிடாமல் ஓடி ஒரு டிகிரிகூட இறக்கவில்லை. அது கக்கிய சூட்டில் ஹால்தான் கூடுதலாக வெந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டைக் கைகாட்டினார்கள். அரை மணி நேரம் மல்லுக்கு நின்றதில், பெட்டி விலையில் பாதிக்கு ஈடாக மீன் தீனி தருகிறோம் என்றார்கள். வாங்கி வந்தேன்.

அப்புறம்தான் கொளத்தூர் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். வண்ண மீன் வளர்ப்பையே குடும்பத் தொழிலாகச் செய்கிற ஊர் அது. தெருவுக்குத் தெரு தொட்டிகள். ஒரு சின்னக் கடையில் அறுபது வயதுக்காரர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூடியைக் கழட்டினீங்களா தம்பி?" என்றார். கழற்றவில்லை.

மூடியைக் கழற்றி வலை போடச் சொன்னார். தண்ணீர் மட்டத்தின் மேல் சாய்வாகக் காற்றடிக்கும்படி சின்ன ஃபேன் இரண்டு. லைட் சாயங்காலம் மட்டும். "வெயில்ல நமக்கே சோறு எறங்கல, அதுங்களுக்கு மட்டும் எதுக்கு மூணு வேளை?" ஒரு வேளை போதுமாம், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. தின்ன தீனி கழிவாகி அம்மோனியாவாகும், சூட்டில் அதன் விஷம் கூடும். என்னிடம் அவர் விற்றது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றுதான், 350 ரூபாய். ராத்திரி கரண்ட் போனால் உதவும் என்றார். ஃபேன் தன்னிடம் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் மலிவு என்று வழியும் சொன்னார்.

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டும் 12 வோல்ட் அடாப்டரும் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, பானைத் தண்ணீர் கணக்குதான். கால் லிட்டர் ஆவியானால் 150 லிட்டரில் ஒரு டிகிரி அளவு சூடு போய்விடும். மேற்கு ஜன்னலுக்குப் பழைய போர்வையும் மாட்டினோம். மறுநாள் மதியம் 30. கடற்காற்று வந்து புழுக்கம் ஏறிய நாட்களில் 31. கோல்டு ஃபிஷ்ஷுக்கு அதுவும் அதிகம்தான், ஆனால் மேலே வந்து வாய் பிளப்பது நின்றது. வற்றியதை ஈடுகட்ட கேன் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடுவதால் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குடிக்கிற தண்ணீரை மீனுக்கா என்று அம்மாவுக்கு மட்டும் மனத்தாங்கல்.

அடுத்த தடவை கோல்டு ஃபிஷ் வேண்டாம், மோலி, கௌராமி வாங்குங்கள், இந்த ஊர்ச் சூட்டுக்கு அதுதான் தாங்கும் என்றும் அந்தப் பெரியவர் சொன்னார். அப்பாவிடம் சொன்னேன். நான்கு வருடமாக வளர்த்ததை என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டார்.

இப்போது தினமும் மதியம் மூன்று மணிக்கு வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்புகிறார். இங்கே டொராண்டோவில் அப்போது விடிந்திருக்காது. அப்பா வீட்டு அலமாரியில் ஒன்பது டப்பா தீனி இருக்கிறது. ஒரு வேளைக் கணக்கில் போட்டால் எப்போது தீரும் என்று தெரியவில்லை.