வீட்டு மரத்தை விற்பவர்கள் கவனத்துக்கு: அளக்காமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் நின்ற பெரிய பலா மரத்தை இந்தக் கோடையில் வெட்ட வேண்டியதாயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதே வேர் ஆட்டம் கண்ட மரம். வருஷா வருஷம் வீட்டுப் பக்கமே சாய்ந்துகொண்டு வந்தது. அதை எடுத்த மர வியாபாரி எங்களுக்குச் செய்ததை விவரமாக எழுதுகிறேன். டெல்டாவில் பல கொல்லைகளில் இப்படி ஒரு மரம் நிற்கிறது.

பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அடிமரத்தை எங்கள் முன்னால் அளந்து கன அடிக் கணக்கில் விலை, கிளைகளுக்கு விறகு விலை, ஏற்றும்போது முழுப் பணம். எழுதித் தரச் சொன்னதற்கு, "நம்ம ஊருக்குள்ள பேப்பர் எதுக்குங்க" என்று தட்டிக் கழித்தார். மரம் சாய்ந்த அன்றே அப்பா கயிறு போட்டுப் பார்த்தார். நடுச்சுற்று 72 அங்குலம், நேர்மரம் 10 அடி.

அப்புறம், அம்மா மட்டும் வீட்டில் இருந்த ஒரு மதியம் ஆட்கள் வந்து அடிமரத்தை மூன்றடி மூன்றடியாகத் துண்டு போட்டு டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். "முழுசா தூக்க முடியலம்மா, வாடியில வச்சு அளந்துக்கலாம், ஐயாகிட்ட சொல்லிட்டோம்" என்றார்களாம். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வாடியிலிருந்து, அதாவது வியாபாரியின் மரக்கடையிலிருந்து, வந்த சீட்டில் சுற்று 60 அங்குலம் என்று இருந்தது. அதற்கு மேல் பட்டைக்கு ஒரு கழிவு, பொந்துக்கு ஒரு கழிவு.

இந்தக் கணக்கை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 72 அங்குலத்துக்கு 22.5 கன அடி வருகிறது. 60 என்று போட்டால் 15.6தான். சுற்றில் ஒரு அடியைக் குறைத்தால் மரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது! இன்னொன்று: இந்தக் கால்சுற்றுக் கணக்கே உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் 78 சதவீதம் சொச்சத்தைத்தான் காட்டும். பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும் அதிலேயே இடம் விட்டாயிற்று. பிறகும் பட்டைக் கழிவு கேட்டால் அது இரண்டாம் முறை எடுப்பது.

வாடிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். துண்டுகளின் முகம் முழுக்க நல்ல மஞ்சள், வைரம் பாய்ந்த மரம். பொந்து எங்கே என்று கேட்டால் வியாபாரியிடம் பதில் இல்லை. "துண்டு மரத்துக்கு இதுக்கு மேல விலை கிடையாது தம்பி" என்கிறார். துண்டு போட்டதே அவர் ஆட்கள்தான்.

எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் செய்கிறார்கள். மிருதங்கமும் தவிலும் அப்படியே. ஒரே மரத்தில் குடையும் ஏகாந்த வீணைக்கு நீளமும் பருமனும் சேர்ந்த அடிமரம் வேண்டும். வீட்டு வாசல் நிலைக்கென்றாலும் ஏழடி நீளம் வேண்டும். மூன்றடியாக அறுத்த பிறகு இரண்டுக்கும் வழியில்லை. தாத்தா வைத்த மரம் அது.

அதனால் மரம் சாய்வதற்கு முன்பே ஒரு ஆசாரியைக் கூட்டி வந்து காட்டுங்கள். நிலைக்கா, பலகைக்கா, வாத்தியத்துக்கா என்று அவர் சொன்ன பிறகு நீளம் வைத்து அறுக்கலாம். "நாலு நாள் கிடந்தா வெடிச்சுடும்" என்று அவசரப்படுத்துவார்கள். வெடிப்பது பெரும்பாலும் வெட்டுமுகத்திலிருந்துதான். அங்கே பழைய பெயிண்டையோ சாணியையோ கெட்டியாகப் பூசி, நிழலில், தரையில் படாமல் கட்டை கொடுத்துப் போட்டால் வேறு ஆளிடம் விலை கேட்க அவகாசம் கிடைக்கும். சொந்த வேலைக்கென்றால் நீங்களே அறுவை மில்லில் பலகையாக்கி, இடையிடையே ரீப்பர் என்னும் மெல்லிய சட்டம் வைத்து அடுக்கிக் காயவிடலாம். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது ஆசாரிகள் கணக்கு.

விற்பதானால் டேப்பை மரத்தின் நடுவில் சுற்றி, எண் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுத்த நுனியில் அளக்க வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி கிளம்புவதற்கு முன் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பெண்களிடமும் பெரியவர்களிடமும், யார் பேரைச் சொல்லி வந்தாலும் ஏற்றவிடக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

எங்களுக்கு மீதிப் பணம் இன்னும் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மரம் எடுக்க நினைக்கும் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கத்துக்காரர்கள் நேரில் கேட்டால் யாரிடம் போக வேண்டாம் என்று சொல்கிறேன்.