அடகுக் கடையில் இன்னும் ஃபாக்ஸ்ப்ரோதான்

காரைக்குடியில் ஒரு நகை அடகுக் கடையில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. சீட்டுப் போடுவது, வட்டி பார்ப்பது, பேரேடு எடுப்பது எல்லாமே விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 என்ற மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய புரோகிராம்தான். 2004 கடைசியில் வந்த பதிப்பு. 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. எங்களுக்கு இன்றும் சோறு போடுகிறது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கூட்டம் முண்டியடிக்கும். சீட்டு எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் பெயர், எடை, கல் கழிவு, அசல் எல்லாம் அந்த நொடியே வந்து நிற்கும். மவுஸைத் தொடவே வேண்டாம்.

இதன் உயிர்நாடி தேதிக் கணக்கு. தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நேராக நாள் எண்ணிக்கை வந்துவிடும். 'கோமந்த்' என்று ஒரு ஃபங்ஷன்: ஜனவரி 31-ல் வைத்த நகைக்கு ஒரு மாதம் கூட்டச் சொன்னால் பிப்ரவரி 28-க்குத் தானே போய் நிற்கும், லீப் வருஷமென்றால் 29. நடுவில் மாதச் சந்தா கேட்கும் ஆன்லைன் மென்பொருள் ஒன்றையும் போட்டுப் பார்த்தோம். திரை அழகு. பதினைந்து நாளுக்குள் மீட்டால் அரை மாத வட்டி என்ற எங்கள் கடை வழக்கத்தைச் சொன்னதும் முழித்தது.

பதிவை அழித்தாலும் உடனே போகாது, குறி மட்டும் விழும். 'பேக்' கொடுக்கும்வரை 'ரீகால்' போட்டு மீட்கலாம். ஏலம் போகாத நகை மாதிரிதான்!

குறையும் உண்டு. தமிழ் எழுத்துக்கு வேண்டிய யூனிகோடு வசதி கிடையாது, பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில்தான். மெய்யப்பன் என்று தேடினால் பள்ளத்தூர், கண்டனூர், கானாடுகாத்தான் என்று ஊருக்கு நாலு பேர் வரிசையாக வருவார்கள். ஊரும் தகப்பனார் பெயரும் சேர்த்துப் போட்டால்தான் ஆள் பிடிபடும். கரண்ட் போனால் பதிவைச் சட்டென்று தேட உதவும் இன்டெக்ஸ் கோப்பு கெடும், யுபிஎஸ் கட்டாயம். பதிவுகள் இருக்கும் டிபிஎஃப் கோப்பை வேறு மென்பொருளில் யாரும் திறந்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல்.

பக்கத்துக் கடையில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 2.6. 64 பிட் விண்டோஸில் அது ஓடாததால் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறார்கள். எங்களுடையது 32 பிட், விண்டோஸ் 11-லும் ஓடுகிறது.

புதிதாகக் கடை போடுகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஓட மட்டும் செய்யும் இஎக்ஸ்இ கோப்போடு இருந்துவிடாமல், எழுதியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே புரோகிராமின் மூல வரிகள் உள்ள பிஆர்ஜி கோப்புகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் வட்டி விகிதத்தைக்கூட மாற்ற முடியாமல் போகலாம்.