ஃபுகாசி: பல வருடங்கள் கேட்ட பிறகு

அமெரிக்கப் பங்க் ராக் இசைக்குழுவான ஃபுகாசியைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். பல வருடங்களாக விடாமல் கேட்டு வருகிற எனக்கு இதில் ஒரே பதில்தான்: ஆல்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மேடைப் பதிவுகளுக்குப் போங்கள்.

1987-இல் வாஷிங்டன் டி.சி.யில் தொடங்கிய குழு. 2002-இல் லண்டனில் கடைசிக் கச்சேரி. இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகள். அவற்றில் 800-க்கும் மேற்பட்டவை பதிவாகியிருந்தன. 2011 டிசம்பரிலிருந்து அவற்றை அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான டிஸ்கார்ட் இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. அப்போது ஒரு கச்சேரிப் பதிவுக்கு அவர்கள் சொன்ன விலை 5 டாலர். அந்தக் காலத்தில் வாசலில் நுழைவுக் கட்டணமாகப் பெரும்பாலும் வாங்கிய அதே தொகை.

ஆரம்பப் பதிவுகளில் கீ பிக்கியோட்டோ கிட்டார் வாசிப்பதில்லை, பாடுவதோடு சரி. இயன் மெக்கேயின் கிட்டார் ஒன்று மட்டும் என்பதால் ஜோ லாலியின் பாஸ் கிட்டாருக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. ஜமைக்காவின் ரெகே இசை வாடை வீசும் அந்த பாஸ் நடைதான் பாடலை இழுத்துக்கொண்டு போகும். 1990-இல் 'ரிப்பீட்டர்' வந்தபோது பிக்கியோட்டோவும் கிட்டாரோடு நிற்கிறார். அப்போதும் இருவரும் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) இரட்டிப்பதில்லை. ஒருவர் கீறும்போது மற்றவர் காத்திருப்பார். 1995-இன் 'ரெட் மெடிசின்' வரும்போது சத்தத்தைக் குறைத்தே பதற்றத்தை ஏற்றக் கற்றுவிட்டார்கள். 2001-இன் 'தி ஆர்கியூமென்ட்'டில் செல்லோவே வருகிறது. ஹார்ட்கோர் என்கிற வேகமான, முரட்டுப் பங்க் இசையை மட்டும் விரும்புகிறவர்களுக்கு இது ஒட்டாமல் போகலாம். எனக்கு அவர்களுடைய உச்சம் அதுதான். 1991-இன் 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்' மட்டும் ஒலியில் வறண்டு கிடக்கிறது. அதே பாடல்களை மேடையில் கேட்டால் ரத்தம் ஓடுகிறது.

பாடல் வரிசையை அவர்கள் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கிட்டாரின் ஃபீட்பேக் இரைச்சல் இன்னும் அடங்காமல் இருக்கும்போதே பிரெண்டன் கான்டியின் டிரம்ஸ் அடுத்த பாடலுக்குள் நுழைந்துவிடும். எது வரப்போகிறது என்று கேட்கிற நமக்கும் தெரியாது.

அரசியலுக்கு வருகிறேன். 1991 ஜனவரியில், வளைகுடாப் போரில் அமெரிக்கா குண்டு வீசத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் பூங்காவில் போரை எதிர்த்து வாசித்தார்கள். பெண்களைச் சீண்டுவதைப் பற்றி, பூர்வகுடிகளை அழித்ததைப் பற்றி, ஏழைகளை வீட்டை விட்டுத் துரத்துவதைப் பற்றி நேரடியாகப் பாடினார்கள். ஆனால் என்னை அதிகம் பாதித்தது பாடல்களுக்கு நடுவே அவர்கள் பேசும் பேச்சு. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை அடித்தால், தலைக்கு மேல் ஏறி மிதித்தால், மெக்கே பாட்டை நிறுத்திவிடுவார். திட்டமாட்டார். மரியாதையாகவே நிறுத்தச் சொல்வார். கேட்காவிட்டால் 5 டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். முரட்டு ஆண்களின் இடமாகிப்போன ஹார்ட்கோர் மேடைக்கு முன்னால் சிறியவர்களும் பெண்களும் நிற்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். எந்த வயதினரும் வரலாம் என்ற விதியும் அதனால்தான். இந்தப் பேச்சைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்காதீர்கள்.

எல்லாப் பதிவும் ஒரே தரம் இல்லை. பழைய கேசட் பதிவுகளில் பாஸ் மங்கிவிடும், லாலி இல்லாத ஃபுகாசி பாதி ஃபுகாசிதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒலித்தரத்தை அவர்களே குறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து, 90-களின் கடைசியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வருடமாகப் பின்னோக்கிப் போங்கள்.