4-புளோரோபென்சல்டிகைட்டு: 2021 தொடக்கம் பாவித்த அனுபவம்

அப்பா கொழுப்புக்கு இரவில் போடுகிற அற்றோவஸ்ற்றற்றின் குளிசையைத் தயாரிக்கும் பெயர்பெற்ற வழியொன்றில் 4-புளோரோபென்சல்டிகைட்டு என்ற இந்தத் திரவ அல்டிகைட்டுத்தான் புளோரோபீனைல் வளையத்தைக் கொண்டுவருகிறது. யாழ்ப்பாணத்தில் எங்களுடைய சிறிய ஆய்வுகூடத்தில் மருந்து செய்வதில்லை. இதை அசற்றோபீனோனுடன் எதனோலில், சோடியம் ஐதரொட்சைட்டுச் சேர்த்துக் கலக்கிச் சல்கோன் என்ற சேர்வையை எடுக்கிறோம். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் திண்மம் விழும். புளோரீன் அசையாமல் இருக்கும். அதே புளோரீன் மோபோலீன் என்ற அமீனோடு பொட்டாசியம் காபனேற்றும் போட்டுச் சூடாக்கினால் விலகி இடம் கொடுக்கும். ஒரே மூலக்கூற்றில் அல்டிகைட்டு, புளோரீன் என்று இரண்டு கைபிடி. இதனால்தான் இது எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

ஆனால் எங்களுடைய வெக்கைக்கு இது தாங்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிரிட்ஜ் குளிர்வதும் சூடாவதுமாக இருக்க, பாதி காலியான போத்தல் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்ததை நான் பொருட்படுத்தவில்லை. லேபலில் 98 சதவீதம் தூய்மை என்று இருந்ததே! அடுத்தடுத்து மூன்று தடவை சல்கோன் விளைவு பாதிக்கும் கீழே போனது. எதனோலைச் சந்தேகித்தேன், தராசைச் சந்தேகித்தேன். கூட வேலை செய்கிற அக்காதான், "தம்பி, அந்த வெள்ளையைச் சுரண்டி உருகுநிலை பாருமன்" என்றார். 183 பாகை. 4-புளோரோபென்சோயிக்கமிலம்! காற்றிலுள்ள ஒட்சிசன் அல்டிகைட்டை அமிலமாக்க, அந்த அமிலம் நான் போட்ட காரமான சோடியம் ஐதரொட்சைட்டைத் தின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு ஒரு வழக்கம். எடுத்த அளவை ஈதரில் கரைத்து, அமிலத்தை நீக்கச் சோடியமிருகாபனேற்றுக் கரைசலால் இரண்டு முறை கழுவி, உப்புத்தண்ணீரால் ஒரு முறை, மக்னீசியம் சல்பேற்றில் உலர்த்தி, குறைந்த அமுக்கத்தில் வடிப்பேன். சாதாரண அமுக்கத்தில் கொதிநிலை 181 பாகை, அவ்வளவு சூடாக்க வேண்டியதில்லை. வடித்ததை நைதரசன் ஊதிச் சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு வேலைக்கு ஒரு குப்பி என்று எடுப்பேன். அன்றிலிருந்து விளைவு ஏமாற்றவில்லை.

மணம் வாதுமைக்கொட்டை போல. இனிமையாக இருக்கிறதென்று ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பியூம் ஹூட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது, கண்ணும் தொண்டையும் எரியும். தீப்பற்றுநிலை 56 பாகைதான், அந்தச் சூட்டிலேயே ஆவி சுடர் பட்டால் பற்றும்.

கழிவு பற்றி நான் கண்டிப்பு. ஈதரோ கழுவிய நீரோ ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. குடாநாட்டில் நிலத்தடியே சுண்ணாம்புக்கல், ஊற்றியது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். நாங்கள் தேநீருக்கு அள்ளுவதும் கிணற்றுத்தண்ணீர்தான். எல்லாம் பெயரெழுதிய கழிவுப் போத்தலில் சேர்கிறது.

மலிவென்று 500 கிராம் வாங்க வேண்டாம். 25 கிராம் போத்தல்களாக எடுங்கள், திறந்த திகதியை மூடியிலேயே எழுதி வையுங்கள்.