பழைய குடும்ப இறுவட்டுகளைக் கடையில் பிரதி எடுக்கக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள் (திருகோணமலை)

கடந்த மாதம் திருகோணமலை நகரிலுள்ள கணினிக் கடையொன்றில் எங்கள் குடும்பத்தின் ஆறு டிவிடி இறுவட்டுகளைக் கொடுத்து, அவற்றிலுள்ள காணொளிகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் ஏற்றித் தருமாறு கேட்டேன். அக்காவின் திருமணம், வரவேற்பு, தங்கையின் பூப்புனித நீராட்டு விழா, உவர்மலை வீட்டின் புதுமனை புகுவிழா ஆகியவை அவற்றில் இருந்தன. இப்போது எங்களோடு இல்லாத அப்பாவின் குரல் பதிவாகியிருப்பதும் அவற்றில் மட்டுமே. இறுவட்டு ஒன்றுக்கு 600 ரூபாவும், 64 ஜிபி பென் டிரைவுக்கு 2,500 ரூபாவுமாக 6,100 ரூபா கொடுத்தேன். அதற்கு ஈடாகக் கிடைத்தது ஒன்றரை இறுவட்டுக்குச் சற்று மேலான காணொளி மட்டுமே.

கடையில் வைத்து முதல் இறுவட்டின் தொடக்கத்தை ஓட்டிக் காட்டினார்கள். படம் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரண்டாவது இறுவட்டின் காணொளி பிற்பகுதியில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. மூன்றாவது முதல் ஆறாவது வரையானவை திறக்கவே இல்லை. ஆயினும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் சரியாகவே தெரிந்தன. மறுநாள் கடைக்குப் போனேன். "ஐயா, உங்கட டிவிடி பழசு, உள்ளுக்குப் பழுதாப் போச்சு, நாங்கள் என்ன செய்யிறது" என்றார் அங்கிருந்த தம்பி. அதை நான் நம்பினேன், ஏனென்றால் அது நம்பக்கூடிய காரணம். வீட்டில் எழுதக்கூடிய டிவிடியில் தரவு பதிவது ஒரு சாயப்படலத்தில். வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். எங்கள் ஊரில் இவை மூன்றுக்கும் குறைவில்லை.

ஆனால் பழுது ஏன் முதல் இறுவட்டை முழுதாக விட்டுவிட்டு, இரண்டாவதில் ஓரிடத்தில் தொடங்கி, அதன்பின் எதையுமே மிச்சம் வைக்காமல் போக வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆறு இறுவட்டுகள் தனித்தனியாகப் பழுதாகியிருந்தால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடங்கள் கெட்டிருக்க வேண்டும். நல்ல பகுதிகளைக் கூட்டிப் பார்த்தேன்; ஏழரை ஜிபிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அப்போதுதான் சந்தேகம் இறுவட்டை விட்டுப் பென் டிரைவின் மீது திரும்பியது. திறந்த கோப்புகளை முதலில் கணினிக்கு மாற்றி வைத்துவிட்டு, டிரைவை வெறுமையாக்கி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் அதனைச் சோதித்தேன். அந்த மென்பொருள் டிரைவ் நிறையும்வரை எழுதி, எழுதியதையே திரும்ப வாசித்து ஒப்பிடும். மேலே 64 ஜிபி என்று அச்சிடப்பட்டிருந்த அந்த டிரைவின் உண்மையான கொள்ளளவு 8 ஜிபி கூட இல்லை.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சிறிய கொள்ளளவுள்ள சிப்பை வைத்து, அதன் கட்டுப்பாட்டுச் சிப்பைப் பெரிய கொள்ளளவைச் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள். கோப்புப் பட்டியல் டிரைவின் தொடக்கப் பகுதியில் எழுதப்படுவதால் பெயர்களும் அளவுகளும் பிழையின்றித் தெரியும். உண்மையான எல்லையைத் தாண்டி எழுதப்படும் தரவோ எங்கும் பதியாது. சில டிரைவ்களில் அது முன்னர் எழுதியதன் மீதே எழுதப்பட்டு நல்லதையும் அழித்துவிடும். கணினி எந்த எச்சரிக்கையும் காட்டாது. கடைக்காரருக்கு இது தெரிந்திருந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஒப்படைத்த வேலையை ஒருமுறை இறுதிவரை திறந்து பார்க்காததும், பழியை என் இறுவட்டுகள் மீது போட்டதும் அவர்களுடைய செயலே.

இதைவிட என்னை வருத்தியது இறுவட்டுகளின் நிலை. உறைகளில் போட்டுக் கொடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறப்பர் பட்டி போட்டுத் திருப்பித் தந்தார்கள். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் வட்டமாகத் துடைத்ததால் ஏற்பட்ட புதிய கீறல்கள் இருந்தன. டிவிடியை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத்தான் துடைக்க வேண்டும். தரவுத் தடம் சுற்றிச் சுற்றிச் செல்வதால், அதற்குக் குறுக்காக விழும் கீறலை, விடுபட்ட சிறு தரவைத் தானே சரிசெய்யும் டிவிடியின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தின் வழியே நீளும் கீறலோ தொடர்ச்சியாகத் தரவை மறைத்துவிடும்.

வேறு வழியின்றி வீட்டுக் கணினியில் நானே பிரதி எடுக்கத் தொடங்கினேன். நான்கு இறுவட்டுகள் சிக்கலின்றி வந்தன. பழுதாகிவிட்டது என்று சொல்லப்பட்ட ஆறாவதும் அவற்றில் அடக்கம். கீறல் விழுந்த இரண்டில் விண்டோஸ், தரவைச் சரியாக வாசிக்க முடியவில்லை என்று பொருள்படும் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' பிழை காட்டி நின்றது. இந்நிலையில் பலரும் செய்வது, ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் இறுவட்டிலிருந்து நேரடியாக எம்பி4 காணொளிக் கோப்பாக மாற்ற முயல்வதுதான். அது வாசிக்க முடியாத இடத்தில் திணறும். முடித்தாலும் குறைபட்ட கோப்பைத் தந்துவிடும். முதலில் இறுவட்டை அப்படியே ஒரே ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது இறுவட்டு முழுவதின் நேர்ப் பிரதியான ஒரே கோப்பாக, எடுத்துக்கொண்டு, மாற்றும் வேலையை அந்தப் பிம்பத்தில் செய்வதே சரி. பிம்பம் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் அதை ஏற்காது; எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்தது வேண்டும்.

பிம்பம் எடுக்க லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற தரவு மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தினேன். அது எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பின்னர் திரும்பி வரும். எந்தெந்த இடம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்து வைப்பதால், அதே வேலையை மறுநாள் வேறொரு டிவிடி டிரைவில் தொடரலாம். ஒரு டிரைவ் வாசிக்க மறுப்பதை இன்னொன்று வாசித்துவிடுவதுண்டு. ஐந்தாவது இறுவட்டு இவ்வாறு முழுமையாகக் கிடைத்தது. மூன்றாவதில் முதல் முயற்சியில் 210 எம்பி விடுபட்டது. நண்பர் ஒருவரின் பழைய மேசைக் கணினியிலிருந்த டிவிடி டிரைவில் இரவு முழுவதும் ஓடவிட்ட பிறகு அது 34 எம்பியாகக் குறைந்தது.

நகரிலோ உப்புவெளியிலோ நிலாவெளியிலோ எந்தக் கடையில் கொடுப்பதாயினும், பென் டிரைவைக் கடையில் வாங்காமல் நீங்களே சோதித்த ஒன்றைக் கொண்டு போங்கள். ஒவ்வொரு காணொளியின் கடைசி நிமிடத்தையும் அங்கேயே ஓட்டிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள். எனக்குத் துண்டுக் காகிதம்கூடத் தரப்படவில்லை, நானும் கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடப் போவதாகச் சொன்ன பிறகே, பென் டிரைவின் விலையை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

மூன்றாவது இறுவட்டில் இன்னும் கிடைக்காத அந்த 34 எம்பி, ஏறத்தாழ நாற்பது விநாடிக் காட்சி. மணமக்களை ஆசீர்வதித்து அப்பா பேசத் தொடங்கும் இடம் அதற்குள் இருக்கிறது. ஸ்டூடியோவில் அப்போது எழுதிய இன்னொரு பிரதி மட்டக்களப்பிலுள்ள சித்தப்பாவிடம் இருக்கலாம் என்று அக்கா சொல்கிறார். ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்ட பிரதியாயின், விடுபட்ட இடங்களை மட்டும் அதிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம்; அதற்காக அந்த மேப் கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.